தரவுத்தள சர்வரைச் சேவையாக ஓடவிடுவது என்றால் என்ன?

"உங்கள் தரவுத்தளம் சர்வீஸாக, அதாவது சேவையாக, ஓடுகிறதா?" என்று கேட்டால், "ஆமாம், பின்னணியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று பலர் விடை சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால் இந்த விடையில் உள்ள பிழை கண்ணில் படுவதில்லை. திரையில் தெரியாமல் ஓடும் எந்த நிரலும் பின்னணியில் ஓடுவதுதான். ஆனால் ஒரு நிரல் சேவையாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டுமானால், அதை யார் தொடங்குவது, விழுந்தால் யார் கவனிப்பது, எப்படி நிறுத்துவது என்ற மூன்று பொறுப்புகளையும் இயக்க முறைமை (லினக்ஸ், விண்டோஸ் போன்றது) ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கு மென்பொருளுக்காக போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை நிறுவிக் கொடுத்தேன். நான்கு மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு சனிக்கிழமை இரவு நீண்ட மின்தடையில் யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்தது. மின்சாரம் வந்ததும் கணினி தானாகவே எழுந்தது, தரவுத்தளம் எழவில்லை. திங்கட்கிழமை காலை சம்பளப் பட்டியல் போட வந்தவர்கள் இணைய முடியாமல் காத்திருந்தார்கள். தரவு எதுவும் கெடவில்லை. நிறுவிய அன்று நான் அதைத் தொடங்கினேனே தவிர, கணினி எழும்போதெல்லாம் தொடங்க வேண்டும் என்று பதிவு செய்யவில்லை. அந்த வேறுபாட்டை எனக்கு யாராவது முன்பே விளக்கியிருக்கக் கூடாதா என்று அன்று நினைத்தேன். அந்த விளக்கத்தை, லினக்ஸ் கணினியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஓடும் நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புதிதாக வருபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கிணற்று மோட்டாரும் ஆட்டோ ஸ்டார்ட்டரும்

மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும் ஊர்களில், முன்பெல்லாம் விவசாயி கைவிளக்கோடு வயலுக்குப் போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் தூங்கிவிட்டால் அன்று தண்ணீர் இல்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்த பிறகு நிலைமை மாறியது. மின்சாரம் வந்ததை அது தானே உணர்ந்து, மூன்று முனைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, மின்னழுத்தம் நிலைப்படச் சற்று நேரம் விட்டு, அதன்பின் மோட்டாரை ஓடவிடுகிறது. ஒரு முனை போய்விட்டால் மோட்டார் எரிந்துபோகாமல் நிறுத்திவிடுகிறது.

இரண்டு நிலைகளிலும் மோட்டார் அதே மோட்டார்தான். கிணறும் குழாயும் மாறவில்லை. மோட்டாருக்குப் பொறுப்பான கைதான் மாறியிருக்கிறது. தரவுத்தள சர்வருக்கும் இது அப்படியே பொருந்தும். சேவையாக மாற்றுவதற்காக போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிரலில் ஒரு வரியைக்கூட நாம் திருத்துவதில்லை. பொத்தானை அழுத்தும் வேலையை நம் கையிலிருந்து எடுத்து, சேவை மேலாளர் என்ற இன்னொரு நிரலிடம் கொடுக்கிறோம்.

ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்புமை உதவாது. மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால் கிணற்றுக்கு ஒன்றும் ஆகாது. தரவுத்தளத்தை நிறுத்துவது அவ்வளவு எளிதன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டெர்மினலில் தொடங்கினால் என்ன நடக்கிறது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு ப்ராசஸ் என்று பெயர். ஒவ்வொரு ப்ராசஸையும் இன்னொரு ப்ராசஸ்தான் பெற்றெடுக்கிறது. நீங்கள் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒரு கட்டளையைத் தட்டினால், பிறக்கும் ப்ராசஸ் அந்த டெர்மினலோடு கட்டுண்டிருக்கும்: அதன் செய்திகள் அந்தத் திரையில் விழும், கண்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் அது நிற்கும், டெர்மினலை மூடினால் அதற்கு ஒரு சிக்னல் போகும். சிக்னல் என்பது ஒரு ப்ராசஸுக்கு இயக்க முறைமை வழியாக அனுப்பப்படும் மிகச் சிறிய அறிவிப்பு. அதில் சொற்கள் இல்லை, ஓர் எண் மட்டுமே உண்டு.

டெர்மினல் மூடப்படும்போது வரும் சிக்னலின் பெயர் ஹேங்அப். தொலைபேசி இணைப்பு வழியாகக் கணினியைப் பயன்படுத்திய காலத்தில், மறுமுனையில் இருப்பவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்பதை அது குறித்தது. சாதாரண நிரல்கள் இந்தச் சிக்னல் வந்ததும் இறந்துவிடும். ஹேங்அப்பைப் பொருட்படுத்தாதே என்று சொல்லித் தொடங்கி, கட்டளையின் இறுதியில் ஒரு குறியைச் சேர்த்துப் பின்னணிக்கு அனுப்புவது இந்த மரணத்தைத் தவிர்க்கும் வழி. நிரல் டெர்மினலிலிருந்து விடுபடுகிறது. ஆனால் அதற்கு வேறு பொறுப்பாளர் கிடைப்பதில்லை. கணினி மறுபடி எழும்போது அதைத் தொடங்க யாரும் இல்லை, நள்ளிரவில் விழுந்தால் எழுப்பவும் யாரும் இல்லை.

டெர்மினல் இல்லாமல் நெடுங்காலம் ஓடும்படி எழுதப்பட்ட நிரல்களை டீமன் என்று அழைப்பார்கள். இந்தப் பெயர் 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் தம் சிந்தனைச் சோதனையில் கற்பனை செய்த, கண்ணில் படாமல் ஓயாது வேலை செய்யும் உருவத்தை ஒட்டி வைத்த பெயர் அது. டீமன்களுக்கு டெர்மினலே இல்லாததால் ஹேங்அப் சிக்னலுக்கும் அவற்றிடம் வேலையில்லை. எனவே பல டீமன்கள் அதற்குப் புதிய பொருள் கொடுத்தன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இந்தச் சிக்னலைப் பெற்றால் இறப்பதில்லை. தன் அமைப்புக் கோப்பை மறுபடி படித்துக்கொள்கிறது.

இதுவரை பார்த்தது: இப்படிப் பின்னணிக்குப் போன நிரல் டெர்மினலிலிருந்து விடுதலை பெற்றிருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் பொறுப்பாளர் யார் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

முதலில் பிறக்கும் ப்ராசஸ்

லினக்ஸ் எழும்போது அதன் கருவான கெர்னல் முதலில் ஒரு ப்ராசஸைத் தொடங்குகிறது. அதன் எண் 1. மற்ற ப்ராசஸ்கள் பெரும்பாலும் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தாம். இன்று பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகளில்) இந்த இடத்தில் இருப்பது சிஸ்டம்டி. 2010-இல் வெளிவந்து, 2015-இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகியவற்றில் இயல்பான தேர்வானது. இதுதான் நம் ஆட்டோ ஸ்டார்ட்டர்.

அதற்கு முன்பும் சேவைகள் இருந்தன. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நீண்ட ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு, இருக்கும். அது நிரலைத் தொடங்கிவிட்டு, அதன் எண்ணை ஒரு கோப்பில் குறித்துவைக்கும். நிரல் இறந்த பிறகும் அந்தக் குறிப்பு அங்கேயே கிடக்கும் என்பதுதான் அந்த முறையின் பலவீனம். சிஸ்டம்டி காகிதத்தில் எழுதிவைத்த எண்ணை நம்பியிருக்கவில்லை. கெர்னலின் துணையோடு ஒவ்வொரு சேவையின் ப்ராசஸ்களையும் ஒரு குழுவாக அடைத்துவைக்கிறது. அவற்றின் பிள்ளைகளும் அதே குழுவில்தான் பிறக்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்-க்கு இது மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் அது தன்னோடு இணையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ப்ராசஸைப் பெற்றெடுக்கிறது.

விண்டோஸிலும் மேக்கிலும் இதே வேலைக்கு வேறு மேலாளர்கள் உண்டு. பெயர்கள் மாறும், கருத்து மாறாது.

பொறுப்பை எழுதிக் கொடுக்கும் கோப்பு

சிஸ்டம்டி தானாக எதையும் ஊகிப்பதில்லை. ஒரு சேவையை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தச் சிறு உரைக்கோப்புக்கு யூனிட் கோப்பு என்று பெயர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணங்கள் காட்டும் மாதிரி இருபது வரிகளுக்குள் அடங்கிவிடும். அதில் மூன்று பிரிவுகள் உள்ளன.

யூனிட் என்ற முதல் பிரிவு, இந்தச் சேவை எது, எதற்குப் பிறகு தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. குறிப்பிட்ட ஐபி முகவரியில் தரவுத்தளம் காத்திருக்க வேண்டுமானால், அந்த முகவரி கணினிக்குக் கிடைத்த பிறகே அது தொடங்க வேண்டும். ஆகவே பிணையம் தயாரான பின் என்று இங்கே எழுதுகிறோம். ஆட்டோ ஸ்டார்ட்டர் மின்னழுத்தம் நிலைப்படக் காத்திருப்பது போன்றதுதான் இது.

சர்வீஸ் என்ற இரண்டாம் பிரிவில்தான் உயிர் இருக்கிறது. எந்த நிரலை, எந்தத் தரவு அடைவோடு (கோப்புகள் இருக்கும் ஃபோல்டரோடு), எந்தப் பயனர் பெயரில் ஓட்டுவது, எந்தச் சிக்னலால் நிறுத்துவது, எவ்வளவு நேரம் பொறுப்பது ஆகியவை இங்கே வருகின்றன.

இன்ஸ்டால் என்ற மூன்றாம் பிரிவில் பெரும்பாலும் ஒரே வரிதான். கணினி பல பயனர்களுக்குத் தயாராகும் வழக்கமான நிலையை அடையும்போது இந்தச் சேவையும் வேண்டும் என்கிறது அது. ஆனால் இந்த வரி தன்னால் எதையும் செய்வதில்லை. நான் அன்று தவறிய இடம் இதுதான், ஆகவே சற்று நின்று சொல்கிறேன். சிஸ்டம்சிடிஎல் என்பது சிஸ்டம்டியோடு நாம் பேசும் கட்டளை. அதனிடம் ஸ்டார்ட் என்று சொன்னால் சேவை இப்போது தொடங்கும். அடுத்த முறை கணினி எழும்போது என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை. எனேபிள் என்று சொன்னால், மேலே சொன்ன வரியைப் படித்து, கணினி எழும்போது பார்க்கப்படும் அடைவில் யூனிட் கோப்புக்கு ஓர் இணைப்பை வைக்கும்; ஆனால் சேவையை இப்போது தொடங்காது. இரண்டும் தனித்தனிச் செயல்கள், இரண்டும் வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் தரவுத்தளத்தை நிறுவிய உடனே இரண்டும் தாமாக நடந்துவிடுகின்றன. ரெட்ஹேட் வழிவந்த விநியோகங்களில் தரவு அடைவை உருவாக்குவதிலிருந்து எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும். ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்குப் போகும்போதுதான் இந்தத் தவறு நேர்கிறது.

விநியோகத்தோடு வந்த யூனிட் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள்; அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் அழிந்துபோகும். சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளை, உங்கள் மாற்றங்களை மட்டும் தனிக்கோப்பில் வைத்து மூலக் கோப்பின்மேல் பொருத்திக்கொள்ளும்.

யார் பெயரில் ஓடுகிறது

கணினியின் முழு அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர். போஸ்ட்கிரெஸ்கியூஎல் சர்வர் ரூட் பெயரில் ஓட மறுத்துவிடும். இது நல்ல பிடிவாதம். பிணையத்தில் காத்திருக்கும் ஒரு நிரலில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், உள்ளே நுழைபவருக்கு அந்த நிரலின் அதிகாரம் மட்டுமே கிடைக்க வேண்டும், கணினி முழுவதும் கிடைக்கக் கூடாது. எனவே போஸ்ட்கிரெஸ் என்ற தனிப் பயனரை உருவாக்கி, தரவு அடைவை அவருக்கே உரிமையாக்கி, யூனிட் கோப்பிலும் அந்தப் பெயரை எழுதுகிறோம்.

நடைமுறையில் சிக்கல் வருவது காப்புநகலை மீட்கும்போது. ரூட்டாக நுழைந்து கோப்புகளை நகலெடுத்தால் அவற்றின் உரிமை ரூட்டுக்குப் போய்விடலாம். பிறகு சேவை தொடங்காது. "தரவு கெட்டுவிட்டது" என்று பதறிப்போய் என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு, உரிமையாளர் பெயரை மாற்றியதும் எல்லாம் சரியானது. சேவை தொடங்க மறுத்தால் முதலில் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் அந்தச் சேவையின் பதிவைப் படியுங்கள். உரிமை தவறாக இருந்தால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் அதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

இதுவரை பார்த்தது: யூனிட் கோப்பு என்பது பொறுப்பை எழுதிக் கொடுக்கும் பத்திரம். ஸ்டார்ட் இன்றைக்கு, எனேபிள் இனி எழும் ஒவ்வொரு முறைக்கும். சேவை தனக்கென்று உள்ள எளிய பயனரின் பெயரில் ஓட வேண்டும்.

தொடங்கியதும் தயாரானதும் ஒன்றல்ல

காலையில் கடையின் ஷட்டரை உயர்த்தியதும் வியாபாரம் தொடங்கிவிடுவதில்லை. பெருக்கித் துடைத்து, கல்லாவில் சில்லறை வைத்து, தராசைச் சரிபார்க்க வேண்டும். தரவுத்தளமும் பிறந்த நொடியிலேயே கேள்விகளுக்கு விடை சொல்லாது. யூனிட் கோப்பில் டைப் (வகை) என்ற வரியை சிம்பிள் (எளிய) நிலையில் விட்டால், ப்ராசஸ் பிறந்ததுமே வேலை முடிந்தது என்று சிஸ்டம்டி எண்ணிக்கொண்டு, அதை நம்பியிருக்கும் மற்ற நிரல்களைத் தொடங்கிவிடும். அவை தரவுத்தளத்தின் கதவைத் தட்டி, "இன்னும் தொடங்கிக்கொண்டிருக்கிறேன்" என்ற மறுமொழியோடு திரும்பும். நோட்டிஃபை என்று எழுதினால், "நான் தயார்" என்று தரவுத்தளமே சொல்லும்வரை சிஸ்டம்டி காத்திருக்கும். சிஸ்டம்டி ஆதரவோடு தொகுக்கப்பட்ட போஸ்ட்கிரெஸ்கியூஎல்-ஆல் இதைச் சொல்ல முடியும்.

ஆனால் சிஸ்டம்டியின் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு. இயல்பாக அது 90 நொடிகள் பொறுக்கும். அதற்குள் தயார் என்ற சொல் வராவிட்டால், தொடக்கம் தோல்வி என்று முடிவுகட்டி ப்ராசஸைக் கொன்றுவிடும். மின்தடைக்குப் பின் எழும் பெரிய தரவுத்தளத்துக்குத் தன்னைச் சீர்படுத்திக்கொள்ள 90 நொடிகள் போதாமல் போகலாம். பாதியில் கொல்லப்பட்டால் அடுத்த முறையும் சீர்படுத்தல் தேவைப்படும், மறுபடியும் நேரம் போதாது. நோயாளி குணமாகும் முன்பே கட்டிலிலிருந்து இழுத்துப் போடுவது போன்றது இது. அதனால்தான் போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஆவணங்களின் மாதிரியில் இந்த நேர எல்லை முடிவிலி என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு சொல்தான். ஆனால் மோசமான ஓர் இரவில் அதுதான் துணை நிற்கும்.

நிறுத்துவதுதான் பெரிய வேலை

ஸ்டார்ட்டர் ஒப்புமை உதவாத இடத்துக்கு வந்துவிட்டோம். பள்ளியில் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேடும் பேரேடும் தெரியும். நடக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் முதலில் தேதி வாரியாகக் குறிப்பேட்டில் ஏறும்; பிறகு பேரேட்டில் உரிய கணக்குக்கு மாற்றப்படும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்-உம் இப்படித்தான் எழுதுகிறது. மாற்றம் எதுவானாலும் அதை முதலில் முன்னெழுத்துப் பதிவு என்ற குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் பதிந்த பிறகே "முடிந்தது" என்று பயனருக்குச் சொல்கிறது. அட்டவணைக் கோப்புகளான பேரேட்டுக்குப் பின்னர் சாவகாசமாக மாற்றிக்கொள்கிறது. திடீரென்று மின்சாரம் போனாலும், மறுபடி எழும்போது குறிப்பேட்டைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடும்.

இந்தக் கடையை மூட மூன்று வழிகள் உள்ளன. டெர்ம் சிக்னல் வந்தால், புதிய வாடிக்கையாளரை உள்ளே விடாமல், உள்ளே இருப்பவர்கள் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். இன்ட் சிக்னல் வந்தால், முடியாத நடவடிக்கைகளை ரத்து செய்து, இருப்பவர்களை அனுப்பிவிட்டு, பேரேட்டை முடித்துவைத்து மூடும். குவிட் சிக்னல் வந்தால், எதையும் முடிக்காமல் உடனே வெளியேறும். கணக்கு நேராக்கும் வேலை மறுநாளைக்கு. நாள்தோறும் பயன்படுத்த நடுவில் உள்ளதே ஏற்றது, எனவே யூனிட் கோப்பில் நிறுத்தும் சிக்னலாக இன்ட் எழுதப்படுகிறது. கூடவே கில்மோட் என்ற வரியில் மிக்ஸ்ட் என்று எழுதுகிறார்கள்; அப்போது சிக்னல் குழுவில் உள்ள எல்லா ப்ராசஸ்களுக்கும் போகாமல் தலைமை ப்ராசஸுக்கு மட்டும் போகும், மற்றவற்றை அது ஒழுங்காக அனுப்பிவைக்கும்.

இந்த வரிகளில் ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். மிக்ஸ்ட் என்று எழுதிவிட்டுச் சிக்னல் வரியை மறந்தால், சிஸ்டம்டி இயல்பாக டெர்ம் அனுப்பும். தரவுத்தளம் வாடிக்கையாளர்கள் கிளம்பக் காத்திருக்கும். இணைப்புகளைத் திறந்தே வைத்திருக்கும் வலைச் செயலிகள் கிளம்புவதே இல்லை. நேர எல்லை 90 நொடியில் இருந்தால், அது முடிந்ததும் யாராலும் தடுக்க முடியாத கில் சிக்னல் வரும். ஒழுங்காக நின்றிருக்க வேண்டிய சர்வர் ஒவ்வொரு முறையும் கொலையுண்டு, ஒவ்வொரு முறையும் சீர்படுத்தலோடு எழும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு "இந்தத் தரவுத்தளம் எழ ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?" என்று மட்டுமே தோன்றும்.

ஒரே பொத்தானில் இரண்டு கைகள்

போஸ்ட்கிரெஸ்கியூஎல்-க்கு பிஜிசிடிஎல் என்ற தன் சொந்தக் கட்டளையும் உண்டு. சேவையாகப் பதிவு செய்த பிறகும் சிலர் பழக்கத்தில் அதனால் தொடங்கிவிடுகிறார்கள். அப்போது தரவுத்தளம் ஓடும், ஆனால் சிஸ்டம்டிக்கு அது தெரியாது. பிறகு வேறொருவர் வந்து சேவையின் நிலையைப் பார்த்து, ஓடவில்லை என்று கண்டு, தொடங்கச் சொல்வார். தரவு அடைவில் உள்ள போஸ்ட்மாஸ்டர்.பிஐடி என்ற பூட்டுக்கோப்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வரும். இணையத்தில் தேடினால் "அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள்" என்ற அறிவுரை எளிதில் கிடைக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரே தரவு அடைவில் இரண்டு சர்வர்கள் எழுதாமல் தடுப்பதற்காகவே அந்தப் பூட்டு இருக்கிறது. ஒரே பேரேட்டில் இரண்டு எழுத்தர்கள் ஒருவரையொருவர் அறியாமல் எழுதினால் எந்தக் குறிப்பேடும் காப்பாற்றாது. கோப்பின் முதல் வரியில் உள்ள எண்ணைப் படித்து, அந்த எண்ணில் போஸ்ட்கிரெஸ் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் பிஜிசிடிஎல்-ஆல் ஒழுங்காக நிறுத்திவிட்டு, சிஸ்டம்சிடிஎல்-ஆல் தொடங்குங்கள். அதற்குப் பிறகு பிஜிசிடிஎல்-ஐத் தொட வேண்டாம்.

டெபியன், உபுண்டு பயனர்களைக் குழப்பும் இன்னொன்று உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் சேவையின் நிலையைக் கேட்டால், இயக்கத்தில் இருக்கிறது, ஆனால் வெளியேறிவிட்டது என்று முரணாக ஒரு விடை வரும். அந்தப் பெயரில் இருப்பது ஒரு குடை மட்டுமே. ஒரே கணினியில் பல பதிப்புகள் ஓட அங்கே இடமிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண்ணும் பெயரும் சேர்ந்த தனிச் சேவை இருக்கும். உண்மையான நிலையை அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்த அன்றே, பயனர்கள் வருவதற்கு முன், கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். எழுந்ததும் அதில் நுழையாதீர்கள், எதையும் கையால் தொடங்காதீர்கள். சற்று நேரம் விட்டு, இன்னொரு கணினியிலிருந்து 5432 என்ற போர்ட் (சர்வர் காத்திருக்கும் வாசலின் எண்) வழியாகத் தரவுத்தளத்தோடு இணைந்து ஒரு சிறு கேள்வி கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து இணைவதற்கு அமைப்புக் கோப்பில் அனுமதி தராமல் வைத்திருந்தால், அதைப் பயன்படுத்தும் செயலியைத் திறந்து பார்த்தாலே போதும். விடை வராவிட்டால், திங்கட்கிழமை காலைவரை காத்திருக்காமல் அன்றைக்கே தெரிந்துவிடும்.